ஒரே ஓசை, பல செவிகள்

நான் தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியோடு தொடங்குகிறேன். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியில் சேர்ந்து, குடியிருப்பு ஒதுக்கப்படும் வரையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மையார் பீகார் நாட்டவர். ஒரு நாள் மாலை நான் படியேறும்போது, ‘பாத் பன் கயா?’ என்று கேட்டார். காரியம் கைகூடிற்றா என்று கேட்கிறார் என நான் கொண்டேன். குடியிருப்புக்காக நான் கொடுத்திருந்த மனுவைத்தான் விசாரிக்கிறார் போலும் என்று எண்ணி, ‘இன்னும் இல்லை, அதிகாரி கையெழுத்திட வேண்டும்’ என்று பணிவுடன் விடையளித்தேன். அம்மையார் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பின்பு சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். அவர் கேட்டது ‘சோறு ஆயிற்றா?’ என்பதே. சோற்றைக் குறிக்கும் அச்சொல்லின் முதலெழுத்தில் ஒரு மூச்சு கலந்திருக்கிறது. பேச்சையும் காரியத்தையும் குறிக்கும் சொல்லில் அந்த மூச்சு இல்லை. அவர் செவிக்கு அவை மலையும் மடுவும் போல வேறு. என் செவிக்கு இரண்டும் ஒன்று. வினைமுற்றின் பால் வேறுபாட்டைக் கவனித்திருந்தாலாவது தப்பியிருப்பேன். அதுவும் காதில் ஏறவில்லை. இத்தனைக்கும் நான் கலைப் பட்டதாரி. இந்தித் தேர்வுகளில் தேறியவன். எழுதும்போது அவ்விரண்டு எழுத்துக்களையும் ஒருநாளும் மாற்றி எழுதியவன் அல்லன்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருள் இத்தகைய அனுபவம் இல்லாதவர் அரியர். அப்போது நமக்குத் தோன்றுவது, ‘இவர்கள் தெளிவாகப் பேசுவதில்லை’ என்ற எண்ணமே. நம்மைப் பற்றி அவர்கள் எண்ணுவதும் அதுவே. கேட்கும் செவி, கேளாச் செவி என இரண்டே வகைதான் உண்டென்றும், கேட்கும் செவியுடையார் யாவரும் ஒன்றையே கேட்கின்றனர் என்றும் மனிதர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை எவ்வாறு சிறிது சிறிதாக உடைந்தது என்ற வரலாறு சுவையானது.

கண்ணைப் பற்றிய ஐயம் முன்னதாகவே எழுந்துவிட்டது. ஆங்கில நாட்டு ரசாயன அறிஞர் ஜான் டால்டன், நிறங்கள் பிறருக்குத் தோன்றுவதுபோல் தமக்குத் தோன்றுவதில்லை என்பதை 1794-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஒரு கட்டுரையாகப் படித்தார். செவியின் முறை வருவதற்கு மேலும் 26 ஆண்டுகள் ஆயின.

வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்பவர் மருத்துவராக இருந்து, அத்தொழிலை விட்டு, ஆராய்ச்சியில் இறங்கியவர். பல்லேடியம், ரோடியம் என்னும் இரு உலோகங்களைக் கண்டுபிடித்தவர். அவர் ஒரு நாள் தம் நண்பர் ஒருவரோடு சின்னஞ்சிறு ஊதுகுழல்களை வைத்துக்கொண்டு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். குழலின் நீளம் குறையக் குறைய அதன் ஒலி மேலே ஏறும். ஒரு கட்டத்தில் நண்பர், ‘இது ஒலிக்கவில்லை’ என்றார். வொல்லாஸ்டனுக்கோ அது காதைக் குத்துவதுபோல் ஒலித்தது. நண்பர் செவிடர் அல்லர். மற்ற எல்லாவற்றையும் செவ்வனே கேட்பவர். பியானோவின் நடுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ நான்கு ஸ்தாயி மேலே சென்றதும் அவர் செவிக்கு உலகம் முடிந்துவிட்டது. அதற்கு மேலும் உலகம் இருந்தது. அங்கு அவர் போனதில்லை. போகாததை அவர் அறியவும் இல்லை.

வொல்லாஸ்டன் இதைப் பிடித்துக்கொண்டார். தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்தார். வௌவாலின் கூச்சலைக் கேட்டறியாதவர்கள் இருந்தனர். சுவர்க்கோழியின் ஒலியைக் கேட்டறியாதவர்கள் இருந்தனர். மிக அரிதாக, சிட்டுக்குருவியின் கீச்சொலியையும் கேட்டறியாதவர்கள் இருந்தனர். அவர்களிற் பலர் அதைத் தங்கள் குறையென உணர்ந்தவர்கள் அல்லர். 1820-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியில் அவர் படித்த கட்டுரை, ‘சில செவிகளுக்குக் கேளாத ஒலிகள்’ என்ற பொருள்படும் தலைப்புடையது. செவியின் எல்லை சிறிது சிறிதாக மங்கி முடிவதில்லை, திடீரென்று முடிகிறது என்பதை அவர் அதில் எடுத்துரைத்தார். அருகருகே அமர்ந்த இருவருள் ஒருவர் ஒலியின் கூர்மை தாங்காமல் முகஞ்சுளிக்க, மற்றவர் ஒன்றும் அறியாமல் இருப்பார்.

இச்சோதனையை ஒரு கூட்டத்தில் நடத்திப் பார்ப்பது நல்ல வேடிக்கை என்றும் அவர் எழுதினார். குழல் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொருவராக விழுந்துகொண்டே வருவர். முதலில் விழுந்தவரைப் பார்த்து நகைத்தவர், இரண்டு குழல் கழித்துத் தாமும் விழுவார். தம் மேன்மை எவ்வளவு குறுகிய தூரமே செல்வது என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அறிவியல் சங்கத்துக் கட்டுரையில் இவ்வளவு மனித இயல்பைக் காண்பது அருமை. அக்கட்டுரையின் இறுதியில் வொல்லாஸ்டன் இன்னும் ஓரடி எடுத்து வைத்தார். நம் செவி முடியும் இடத்தில் தொடங்கும் செவிகளும் இருக்கலாம். சில பூச்சியினங்கள் நமக்குச் சிறிதும் எட்டாத ஒலிகளில் தம்முள் பேசிக்கொள்ளலாம் என்று ஊகித்தார்.

அக்காலத்தில் இது துணிவான ஊகம். இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்ஸானி, கண் மறைக்கப்பட்ட வௌவால் தடையின்றிப் பறப்பதையும், செவி அடைக்கப்பட்ட வௌவால் சுவரில் முட்டிக்கொள்வதையும் 1790-களில் கண்டு சொன்னபோது, அதை நம்பினவர் சிலர், நகைத்தவர் பலர். வௌவால் பறக்கும்போது எந்த ஓசையும் கேட்கவில்லையே, செவியால் எதைக் கேட்டு வழியறியும் என்பது அவர்கள் வாதம். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், கேளா ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றும் கருவியின் முன்னே வௌவால்களைக் கொண்டுவந்து வைத்தார் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர். கருவி ஓயாமல் ஒலித்தது. நாம் அமைதி என்று எண்ணிய இரவு, உண்மையில் பேரிரைச்சல் நிறைந்தது.

வொல்லாஸ்டனின் வேடிக்கையை ஊரறியச் செய்தவர் பிரான்ஸிஸ் கால்டன். மனிதரை உயர்ந்த பிறவி, தாழ்ந்த பிறவி என்று அளந்து பிரிக்கும் கொள்கையைப் பரப்பி, பின்னர் பெருந்தீங்குகளுக்கு வித்திட்டவர் அவரே. அவருடைய அக்கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆயினும் 1876-ஆம் ஆண்டில் அவர் செய்த சிறு ஊதல் பயனுள்ள கருவியே. திருகைத் திருப்பினால் ஒலி ஏறும். எத்தனை திருப்பு என்பதைக் கொண்டு எல்லையை அளந்துவிடலாம். அதைத் தம் கைத்தடியின் நுனியில் பொருத்தி, பிடியில் ஒரு ரப்பர்க் குமிழை வைத்து, மிருகக்காட்சிசாலையில் உலாவினார். கூண்டருகே தடியை நீட்டிக் குமிழை அழுத்துவார். விலங்கு காதை நிமிர்த்தினால் அதற்குக் கேட்டதென்று பொருள். பூனையினம் மிக நுட்பமாகக் கேட்கிறது என்று கண்டார். மனிதரிடம் அவர் கண்டது வயதின் வேலையை. முதியவர்களுக்கு மேலொலிகள் போய்விடுகின்றன. போய்விட்டன என்று அவர்களுக்குத் தெரிவதுமில்லை. சொன்னால் கோபம் வருகிறது.

காரணம் இன்று நமக்குத் தெரியும். செவியின் உட்புறத்தில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதன் உள்ளே நீளவாக்கில் ஒரு சவ்வு ஓடுகிறது. உச்ச ஸ்தாயி ஒலிகள் அச்சவ்வின் வாயிலருகிலும், மந்திர ஸ்தாயி ஒலிகள் அதன் உள்முனையிலும் அலையெழுப்புகின்றன. இதை நேரிற் கண்டு விளக்கிய ஹங்கேரி நாட்டவரான பெகேஷிக்கு 1961-இல் நோபெல் பரிசு வழங்கினர். அச்சவ்வின் மேல் நுண்ணிய மயிர்களையுடைய அணுக்கள் ஒரு செவிக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பவை அவ்வளவே; அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. வாயிலருகே உள்ளவை முதலில் கெடுகின்றன. இளம் பருவத்தில் நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் செவி, நடுவயதில் மேல் எல்லையிற் பல ஆயிரங்களை இழந்துவிடுகிறது.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் ஒலிப்பதிவு உலகெங்கும் பரவியது. ஒரே சொல்; சிலருக்கு அது ‘லாரல்’ என்று கேட்டது; சிலருக்கு ‘யானி’ என்று கேட்டது. ஒரே வீட்டில் ஒரே கருவியின் முன் அமர்ந்து கணவனும் மனைவியும் வாதிட்டனர். அப்பதிவின் மேலொலிகளைப் பற்றிக்கொள்ளும் செவி ஒன்றையும், கீழொலிகளைப் பற்றும் செவி மற்றொன்றையும் கேட்டது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் வொல்லாஸ்டனின் அறையில் நிகழ்ந்த அதே நாடகம்தான்.

இதுவரை சொன்னது உறுப்பின் எல்லை. என் வீட்டுக்கார அம்மையாரின் சொல்லை நான் பிழைபடக் கேட்டதற்கு உறுப்பைக் குறை கூற முடியாது. அந்த மூச்சு என் செவிக்குள் நுழையாமல் இல்லை. நுழைந்தது, உள்ளே அதற்கு இடமில்லை. செவிக்கும் மனத்துக்கும் இடையே உள்ள இந்த வாயிலைப் பற்றிய ஆராய்ச்சி, முதலில் இசையின் வழியாகவே வந்தது.

அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்பவரிடம், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்குத் தனிப் பற்று உண்டு. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய பெருநூலை 1875-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். வெறுமே பெயர்த்ததோடு நில்லாமல், அடிக்குறிப்புகளும் அனுபந்தங்களுமாக ஏராளம் சேர்த்தார். இன்று எந்த அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளன் அப்படிச் செய்தால், விளக்கம் கேட்டு ஓலை வரும். வியப்பு என்னவெனில், எல்லிஸுக்குச் சங்கீதச் செவி கிடையாது. ஸ்வரத்தைக் கேட்டு இன்னதென்று கண்டுகொள்ள இயலாதவர். ஆகவே, பியானோ செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய ஹிப்கின்ஸ் என்ற நுண்செவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஹிப்கின்ஸ் கேட்பார், எல்லிஸ் கணக்கிடுவார். ஒரு ஸ்தாயியை 1200 சிறு கூறுகளாக வகுத்து, இரு ஸ்வரங்களின் இடைவெளியை எண்ணாற் சொல்லும் முறையை எல்லிஸ் வகுத்தார். உலகம் இன்றும் அதையே ‘சென்ட்’ என்று வழங்குகிறது. தன் செவியை நம்ப முடியாதவர் ஆதலால்தான், எந்த நாட்டுச் செவியையும் அளவுகோலாகக் கொள்ளாத ஒரு கணக்கு அவருக்குத் தோன்றியது என்று நான் கருதுகிறேன். அரேபியா, இந்தியா, ஜாவா, சீனா முதலிய பல நாட்டுக் கருவிகளின் ஸ்வரங்களை அவ்வாறு அளந்து, 1885-இல் அவர் வெளியிட்ட முடிவு ஐரோப்பியருக்கு உவப்பாக இருந்திராது. இயற்கையே வகுத்தளித்த ஸ்வர வரிசை என ஒன்றில்லை. அவை பலவகைப்பட்டவை என்பதே அம்முடிவு. அதுகாறும் ஐரோப்பியப் பிரயாணிகள் பிற நாட்டு இசையைச் ‘சுருதி பிசகியது’ என்று எழுதி வந்தனர். பிசகு அவர்கள் செவியின் பழக்கத்தில் இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, பேச்சொலியைப் பற்றி இதே முடிவை நாட்டினார் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியிற் பிறந்தவர், கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்து 1881-இல் டாக்டர் பட்டம் பெற்றவர், 1883-இல் வட துருவத்தை அடுத்த பாஃபின் தீவுக்குச் சென்று, அங்குள்ள இன்யூட் மக்களோடு ஓராண்டுக் காலம் வாழ்ந்தவர். அக்காலத்து அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், அமெரிக்கத் தொல்குடியினரின் மொழிகளில் ஒலிகள் நிலைபெறவில்லை, ஒரே சொல்லை இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் உச்சரிக்கின்றனர், அது நாகரிகத்தின் தொடக்க நிலையைக் காட்டுகிறது என்று எழுதி வந்தனர். போவாஸ் தம் சொந்தக் குறிப்பேடுகளைப் புரட்டினார். தாமே ஒரே சொல்லை வெவ்வேறு நாளில் வெவ்வேறு எழுத்தால் எழுதியிருக்கக் கண்டார். பிறர் குறிப்புகளையும் பார்த்தார். எழுதினவர் எந்த நாட்டவர் என்பதை அவர் எழுத்துக்கூட்டைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்பது தெரிந்தது. தம் தாய்மொழியில் இல்லாத ஓர் ஒலியை, அவரவரும் தம் தாய்மொழியில் அதற்கு அண்மையில் உள்ள ஏதேனும் ஓர் ஒலியாகக் கேட்டிருக்கின்றனர்; அண்மையில் இரண்டு இருந்தால், இன்று ஒன்றாகவும் நாளை மற்றொன்றாகவும் கேட்டிருக்கின்றனர். மாறியது பேசுவோர் வாய் அன்று, கேட்போர் செவி. 1889-இல் வெளிவந்த இக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. ஒரு மக்கள் கூட்டத்தைத் தாழ்ந்ததென்று காட்ட வைத்திருந்த சான்று ஒன்றை அச்சில பக்கங்கள் கேட்பவன் மேலேயே திருப்பிவிட்டன.

போவாஸ் சொன்னதற்குச் சான்று தேட நாம் வடதுருவம் செல்ல வேண்டுவதில்லை. நம் ழகரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கோழிக்கோடு அயலார் நாவில் ‘காலிகட்’ ஆயிற்று. அங்கே ழகரம் லகரமாகக் கேட்டிருக்கிறது. சோழமண்டலம் ‘கொரமண்டல்’ ஆயிற்று என்பது பெருவழக்கான கருத்து. அங்கே அது ரகரம். எழும்பூரோ ‘எக்மோர்’ ஆகிவிட்டது. ஒரே எழுத்து மூன்று இடங்களில் மூன்று உருக்கொண்டது. அதைக் கொண்டு, தென்னாட்டார்க்கு நிலையான ழகரம் இல்லை என்று ஓர் அயலார் முடிவு கட்டினால் நாம் ஒப்புவோமா? கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே கொரமண்டல் விரைவு வண்டியில் செல்லும் நேயர்கள், யாரோ ஒரு மாலுமி சில நூற்றாண்டுகளுக்கு முன் தன் காதில் விழுந்ததாக எண்ணிய பெயரிலேதான் பயணம் செய்கின்றனர்.

இந்த உண்மையை உணர்ந்து நகைத்த ஒருவர், போவாஸுக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் இருந்தார் என்பதை நான் அறிந்தபோது அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர் மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர். ஏழாம் நூற்றாண்டினர் என்பர். தம் தந்திரவார்த்திகம் என்னும் நூலில், பிற மொழியாரின் சொல்லுக்குப் பொருள் கொள்ளும் முறையை ஆராயுமிடத்து, வடமொழிப் பண்டிதர்கள் ஆந்திர திராவிட மொழிச் சொற்களைக் கேட்டு என்ன செய்கிறார்கள் என்று அவர் காட்டுகிறார். வடமொழிச் செவி, மெய்யெழுத்தில் முடியும் தென்மொழிச் சொல்லின் ஈற்றில் தானே ஓர் உயிரைச் சேர்த்துக் கேட்டுவிடுகிறது. பிறகு, தான் கேட்டதற்குத் தன் மொழியிலேயே ஒரு பொருளும் கண்டுபிடித்துக்கொள்கிறது. தென்னாட்டார் சோற்றைச் ‘சோர்’ என்றால், இவர்கள் காதில் அது ‘சோர’ ஆகித் திருடன் ஆகிவிடுகிறது. வழியைக் குறிக்கும் ‘அதர்’ என்ற சொல் ‘அதர’ ஆகிறது. கடத்தற்கு அரியது என்று பொருள் சொல்லி, ஆம், வழி என்பது கடத்தற்கு அரியதுதானே என்கின்றனர். பாம்பின் பெயர் ‘பாப’ என்று கேட்கிறது. உண்மைதான், அது பாவமே உருவானது என்கின்றனர். வயிற்றின் பெயர் ‘வைரி’ என்று கேட்கிறது. பசித்தவன் செய்யத் தகாதவற்றையும் செய்வான், ஆகவே வயிறு பகைவனே என்று அதற்கும் சமாதானம் கிடைத்துவிடுகிறது! அண்டையிலுள்ள திராவிட மொழியிலேயே இவ்வளவு என்றால், பாரசீகர், யவனர், ரோமர் மொழிகளைக் கேட்டால் என்னென்ன கற்பனை செய்வார்களோ என்று குமாரிலர் கேட்கிறார். செவி பிழைபடக் கேட்பது மட்டுமன்று. கேட்ட பிழைக்கு அறிவு உடனே நியாயமும் கற்பித்துவிடுகிறது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டிய இடத்தை நான் பிற நூல்களிற் கண்டதில்லை. சோற்றைத் திருடனாகக் கேட்ட அப்பண்டிதர்களுக்கும், சோற்றைக் கையெழுத்தாகாத மனுவாகக் கேட்ட எனக்கும் என்ன வேறுபாடு?

இருபதாம் நூற்றாண்டில் இதை ஒரு கோட்பாடாக்கியவர் ரஷ்ய மொழியறிஞர் பொலிவானவ். அயல்மொழி ஒலிகளைச் செவி எப்படி ஏற்கிறது என்பது பற்றி அவர் 1931-இல் எழுதிய கட்டுரை, பிராக் நகரத்து அறிஞர் குழுவின் வெளியீட்டில் வந்தது. ஜப்பானியரின் செவி, அடுத்தடுத்து வரும் மெய்களுக்கு இடையே தானாகவே உயிரெழுத்துக்களை இட்டுக் கேட்பதை அவர் காட்டினார். குமாரிலர் சொன்ன அதே செயல்! ஸ்டாலின் ஆட்சியில் 1938-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றமற்றவர் என்று 1963-இல் அறிவித்தனர். அவரோடு ஒத்த கருத்துடைய ட்ருபெட்ஸ்காய் என்பவர், தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை என்றார். அதன் கண்களின் வழியே எது செல்லுமோ அதுவே நமக்குக் கேட்கும்.

சல்லடை எப்பொழுது பின்னப்படுகிறது? இந்த வினாவிற்கு விடை கிடைத்தது கனடா தேசத்து வான்கூவர் நகரில். அதற்குக் கருவியாக உதவியது நம் நாட்டு ஒலி. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் உளநூலார் இருவர், இந்தி மொழியின் தகர டகரங்களை எடுத்துக்கொண்டனர். ‘பத்து’, ‘பட்டு’ என்னும் இரண்டையும் தமிழ்க் குழந்தை ஒருபோதும் மயங்காது. ஆங்கிலேயர் செவிக்கோ அந்த இரு ஒலிகளும் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த கைக்குழந்தைகளைத் தாயின் மடியில் அமர்த்தி, ஓர் ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தனர். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். மாற்றத்தை உணர்ந்த குழந்தை பொம்மையை நாடித் தலை திருப்பக் கற்றுக்கொள்கிறது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளிற் பெரும்பாலோர் தகர டகர வேறுபாட்டை எளிதில் உணர்ந்தனர். பெற்றோருக்குக் கேளாதது பிள்ளைக்குக் கேட்டது! பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் அதை உணர்ந்தவர் மிகச் சிலரே. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் அந்த வயதிலும் அதை இழக்கவில்லை. 1984-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. பிறக்கும்போது உலக மொழிகளுக்கெல்லாம் திறந்திருக்கும் செவி, முதற் பிறந்தநாள் வருவதற்குள் வீட்டு மொழிக்கு மட்டும் என்று தன் கதவுகளிற் பலவற்றைச் சார்த்திக்கொள்கிறது.

சார்த்துகிறது என்றுதான் சொன்னேன். பூட்டிவிடுகிறது என்று சொல்லவில்லை. குழவிப் பருவத்தில் இந்தி பேசுவோரிடையே இருந்து, பின்பு ஆங்கிலமே பேசி வளர்ந்த இளைஞர் சிலரையும் அவர்கள் சோதித்தனர். இந்தி வாக்கியம் ஒன்றுகூட அறியாதவர்களாக வளர்ந்திருந்தும், தகர டகரங்களை அவர்கள் செவி பிரித்தறிந்தது. மொழி போயிற்று, அதன் ஒலிக்கு வைத்திருந்த இடம் போகவில்லை.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிள்ளைகளை வளர்க்கும் நாம், இதைப் படிக்கும்போது நம் வீட்டை நினையாமல் இருக்க முடியாது. ‘பிள்ளைக்கு ழகரம் வரவில்லை’ என்று பெரியோர் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் குறைகூறுகின்றனர். வடநாட்டு வாசத்தால் வந்த கேடு என்று முடிவும் கட்டிவிடுகின்றனர். நான் இதை ஒப்புவதில்லை. தமிழ்நாட்டிலேயே எத்தனை வீடுகளில் ‘பழம்’ என்பது ‘பளம்’ என்று ஒலிக்கிறது! ரகர றகரங்களை இன்று பேச்சில் வேறாக ஒலிப்பவர் எத்தனை பேர்? தந்நகரம், றன்னகரம் என்று பெயரிட்டுப் படித்தோமேயன்றி, செவியால் அவற்றைப் பிரிக்க நம்மில் யாரால் இயலும்? தொல்காப்பியர் காலத்துச் செவி அவற்றைப் பிரித்தது. இல்லையேல் நா எங்கே பொருந்தி எந்த ஒலி பிறக்கிறது என்று அவ்வளவு நுணுக்கமாகப் பிறப்பியல் வகுத்திருக்க முடியாது. பிள்ளை எந்த ஒலியைக் கேட்டு வளர்கிறதோ, அதற்கே அதன் செவியில் இடம் உண்டாகும். ஊர் எதுவாயினும், தொட்டிலருகே யார் எப்படிப் பேசினர் என்பதே கணக்கு. என் மகள் தில்லியிலேயே பிறந்தவள். முதலிரண்டு ஆண்டுகள் அவளை வளர்த்த என் தாயார், தஞ்சைப் பக்கத்தவர்; ழகரத்தைப் பிசகாமல் சொல்பவர். அவ்வளவுதான் காரணம், நான் ஒன்றும் கற்பிக்கவில்லை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை, கைப்பேசியில் கால்டனின் ஊதலைப் போன்றதொரு கருவியை வரவழைத்து, வீட்டிலேயே சோதனை நடத்தினோம். மகளோடு, மேல்மாடியில் குடியிருக்கும் வங்காளிச் சிறுமியும் இருந்தாள். ஒலி ஏறிக்கொண்டே சென்றது. ஓரிடத்தில், ‘நிறுத்திவிட்டாயா?’ என்று நான் கேட்டேன். சிறுமியர் இருவரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தனர். ‘போதும் அப்பா, தாங்கவில்லை, நீங்களே நிறுத்திவிடுங்கள்’ என்றாள் மகள்.

பிறகு சொற்களை எடுத்துக்கொண்டோம். மூச்சோடு சொன்னால் வங்க மொழியிலும் அது சோறு. மூச்சின்றிச் சொன்னால் அங்கே அது வாதநோய். வங்காளிச் சிறுமி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பத்து முறை சொன்னாள். இத்தனை ஆண்டுத் தில்லி வாசத்துக்குப் பின்னும் எனக்கு ஆறுதான் சரியாக வந்தது. மகளுக்குப் பத்துக்குப் பத்து. அடுத்தது என் முறை. ‘பல’, ‘பள’, ‘பழ’ என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். மகள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். வங்காளிச் சிறுமி கேட்டதைத் தன் எழுத்தில் எழுதித் தருவதாகச் சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அவள் எழுதித் தந்த காகிதத்தில் பத்து வரிகளிலும் ஒரே சொல் இருந்தது. நான் சரியாக உச்சரிக்கவில்லை என்று அவள் என் மகளிடம் சொல்லிவிட்டுச் சென்றாளாம்.